முல்லைத்தீவின் குடித்தொகைப் புள்ளிப் படம்: ஒரு புள்ளிக்கு எத்தனை பேர்?

முல்லைத்தீவு மாவட்டத்துக்காக நான் கையால் வரைந்துவரும் குடித்தொகைப் புள்ளிப் படத்தில் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் ஆகிய மூன்று பிரதேச செயலாளர் பிரிவுகளும் நிறைவடைந்துவிட்டன. முள்ளியவளையிலும் தண்ணீரூற்றிலும் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறையாகிவிடாமல் நிற்கின்றன. அதே தாளில் காட்டோரச் சிற்றூர்களும் மறையாமல் தெரிகின்றன. இந்த இரண்டையும் ஒரே படத்தில் பெறுவதுதான் வன்னியைப் புள்ளிகளால் வரைபவருக்குரிய பெரும் சோதனை. அது கைகூடிவிட்ட மகிழ்ச்சியில், எஞ்சிய பிரிவுகளைத் தொடங்குவதற்கு முன்பாகவே இதை எழுதுகிறேன்.

கோரோபிளெத் என்னும் வண்ண நிரப்பல் படம் எங்கள் மாவட்டத்துக்கு ஏன் பொருந்தாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டத்தின் குடித்தொகை 92,238. உள்நாட்டு நீர்நிலைகள் நீங்கலான நிலப்பரப்பு 2,415 சதுர கிலோமீற்றர். வகுத்தால் சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 38 பேர் வருகின்றனர். எண்கணித அடர்த்தி என்ற அளவில் இது சரியான விடைதான். ஆயினும் அந்த 38 பேர் வாழும் சதுர கிலோமீற்றரை இந்த மாவட்டத்தில் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. மக்கள் வாழும் இடங்களில் அடர்த்தி அதைவிடப் பல மடங்கு, காட்டுக்குள் சுழியம். கிராம அலுவலர் பிரிவு வரை இறங்கிச் சென்று வண்ணம் இட்டாலும் குறை தீர்வதில்லை, ஏனெனில் வன்னியின் பல கிராம அலுவலர் பிரிவுகள் ஒரு குளத்தையும் ஒரு வயல்வெளியையும் சில ஒழுங்கைகளையும் வைத்துக்கொண்டு, அவற்றைச் சுற்றியுள்ள பெருங்காட்டையும் தம் எல்லைக்குள் அடக்கியவை. 600 பேர் வாழும் பிரிவொன்றின் பரப்பு 30 சதுர கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். வண்ணப் படம் அதை 20 என்று வெளிறிய நிறத்தில் காட்டும். அந்த 600 பேரும் 2 சதுர கிலோமீற்றர் மேட்டுக்காணிக்குள் குடியிருந்தால், அவர்கள் உண்மையில் வாழும் அடர்த்தி 300.

என்னுடைய பழைய வண்ணப் படமொன்றைப் பார்த்த அயலூர்க் கமக்காரர் ஒருவர், ஒட்டுசுட்டானுக்குத் தெற்கே பரந்திருந்த வெளிர் பச்சையில் விரலை வைத்து, "தம்பி, இதுக்குள்ள ஆர் இருக்கினம்? யானைதானே நிக்குது" என்றார். மானிடப் புவியியல் படம் ஒன்றைப் பற்றிக் கேட்கத்தக்க முதற் கேள்வியே அதுதான் என்று நான் கருதுகிறேன்.

இந்தக் கேள்விக்கான விடை பழையதுதான். 1830 இலேயே பிரான்சின் குடித்தொகையைப் பிரேர் டி மொன்டிசொன் புள்ளிகளால் வரைந்து காட்டிவிட்டார்; அவருடைய படத்தில் ஒரு புள்ளி 10,000 பேரைக் குறித்தது. எனினும் புள்ளிகளை நிருவாக எல்லைக்குள் சீராகத் தூவிவிட்டால் வண்ணப் படத்தின் குறையே புள்ளி வடிவில் திரும்பி வரும். ஆகவே மக்கள் வாழ முடியாத நிலத்தை முதலில் கழித்துவிட்டு, மீந்த நிலத்தில் மட்டுமே புள்ளிகளை இட வேண்டும். ஜோன் ரைட் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1936 இல் கேப் கொட் குடாநாட்டை எடுத்துக்கொண்டு விளக்கிய டசிமெட்ரிக் முறையின் அடிப்படையும் இதுவே. வன்னிக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப் படங்களை அடியில் வைத்து, காடு, பற்றைக்காடு, குளம், களப்பு, வயல் ஆகியவற்றை மென்னீலப் பென்சிலால் கோடிட்டு ஒதுக்கினேன். மீந்தவை வீட்டுத்தோட்டங்களும் மேட்டுக்காணிகளுமே. வயலை ஒதுக்குவதில் சிலருக்கு உடன்பாடு இராது. புள்ளிப் படம் மனிதர் உறங்கும் இடத்தைக் காட்டுவது, அவர்கள் உழைக்கும் இடத்தைக் காட்டுவதன்று என்பது என் நிலைப்பாடு.

இனி, இந்தப் படத்தில் என்னை மிக அதிகமாக உழைக்கவைத்த படிக்கு வருகிறேன். அது ஒரு புள்ளியின் பெறுமதியையும் அதன் பருமனையும் சேர்த்துத் தீர்மானிக்கும் படி. இவ்விரண்டையும் தனித்தனியே முடிவு செய்ய இயலாது. அடர்த்தி மிகுந்த இடத்தில் புள்ளிகள் ஒன்றையொன்று தொடத் தொடங்கும் நிலைக்குச் சற்று முன்பாக நிறுத்த வேண்டும் என்பது கைக்கொள்ளப்படும் விதி. ரொஸ் மக்கே 1949 இல் இதற்கென ஒரு கணிப்பு வரைபடத்தையே அமைத்துக் கொடுத்திருக்கிறார். நான் அதைப் பின்பற்றினாலும், முள்ளியவளையின் வளவுகளைக் கொண்டு கணக்கை மீண்டும் நானே போட்டுப் பார்த்தேன். என் படத்தின் அளவுத்திட்டம் 1:100,000 என்பதால் தாளில் 1 சென்ரிமீற்றர் தரையில் 1 கிலோமீற்றர், 0.7 மில்லிமீற்றர்ப் புள்ளி தரையில் 70 மீற்றர் விட்டத்தை மூடும். வளவு அரை ஏக்கர், குடும்பத்துக்கு நான்கு பேர் என்று கொண்டால், 10 பேர் வாழ ஏறத்தாழ அரை ஹெக்டெயர் வேண்டும். அப்படியானால் அடுத்தடுத்த புள்ளிகளின் நடுவிடங்களுக்கு இடையில் 0.7 மில்லிமீற்றர் அளவே கிடைக்கும். புள்ளிகள் முழுவதும் ஒட்டிவிடும். 25 பேருக்கு ஒரு புள்ளி என்றால் 1.3 ஹெக்டெயர், இடைவெளி 1.1 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். இப்போது புள்ளிகளுக்கு இடையில் வெண்மை தெரியும், ஆனால் தொலைவிலிருந்து நோக்கும்போது அடர்ந்த ஊர் என்ற உணர்வும் கிடைக்கும்.

100 பேருக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் மாவட்டம் முழுவதற்கும் 922 புள்ளிகளே போதும். கை வலி இல்லை. ஆனால் 40 பேர் மட்டும் வாழும் காட்டோரக் குடியிருப்புக்கு ஒரு புள்ளியும் கிடைக்காது. அந்த ஊரார் தம் ஊரைப் படத்தில் தேடுவார்கள், இல்லையென்று காண்பார்கள். ஒரு குடித்தொகைப் படம் செய்யக்கூடிய பெரும் அநீதி இதுவென்றே நான் நினைக்கிறேன். 25 என்ற பெறுமதி அந்த ஊருக்கு ஒரு புள்ளியைக் கொடுத்து, மீதி 15 பேரை அயல் ஊரின் மீதியோடு சேர்த்து அடுத்த புள்ளியை உருவாக்குகிறது. மீதிகளை இவ்வாறு அடுத்த பிரிவுக்குக் கடத்திக்கொண்டே போனால் மாவட்டத்தின் மொத்தம் 3,690 புள்ளிகளில் சரியாக வந்து முடியும். ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியே முழு எண்ணாக்கினால் இறுதியில் கணக்கு ஒருபோதும் பொருந்தாது. இதைச் சிறிய விடயம் என்று தள்ளிவிட வேண்டாம்.

பேனாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 0.7 ரொட்ரிங் தொழில்நுட்பப் பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து, தாளைத் தொட்டதும் அசைக்காமல் எடுத்தால் மட்டுமே புள்ளி வட்டமாக விழும். சிறிது சரித்துப் பிடித்தாலும் புள்ளிக்கு ஒரு வால் முளைத்துவிடும். சாதாரண ட்ரேசிங் தாளில் மை பரவிப் புள்ளி 0.8, 0.9 என்று பருத்துவிடுகிறது. மாரி மழைக்காலத்தில் தாளே ஈரத்தை உறிஞ்சி நெளிந்து, அடியிலுள்ள படத்தோடு பொருந்தாமல் போகிறது. ஆகவே பொலியெஸ்டர் பிலிமுக்கு மாறினேன். அதில் அளவு மாறுவதில்லை. தவறி விழுந்த புள்ளியைச் சவர அலகின் நுனியால் சுரண்டி எடுத்துவிடலாம். ஆனால் மை உலர நேரம் எடுக்கும், விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் மை பிடிக்காது. கைக்குக் கீழே ஒற்றுத்தாள் ஒன்றை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாக வரைவதே வழி. கோடைகாலத்தில் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்தால் பேனா முனையில் மை காய்ந்து, உள்ளிருக்கும் மெல்லிய கம்பி இறுகிவிடும். பேனாவைக் கிடையாக வைத்துக் குலுக்கும்போது கம்பியின் மெல்லிய ஓசை கேட்டால் முனை உயிரோடு இருக்கிறது. ஓசை இல்லையென்றால் இளஞ்சூட்டு நீரில் ஊறவைக்க வேண்டியதுதான்.

பிலிம் வாங்குவது பெரும்பாடு. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நான் விசாரித்த கடைகளில் ட்ரேசிங் தாளுக்கு அப்பால் எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் பொலியெஸ்டர் என்று சொல்லித் தந்த சுருள், இருபுறமும் வழுவழுப்பாக இருந்தது. மை அதில் துளியாகத் திரண்டு உருண்டது. ஒரு பக்கமாவது சொரசொரப்பாக இருக்கிறதா என்பதை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டே பணத்தைக் கொடுங்கள். நல்ல சுருள் இறுதியில் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து, உறவினர் ஒருவரின் பயணப் பையில் வந்து சேர்ந்தது. இடவிளக்கப் படங்களை நாரகேன்பிட்டியிலுள்ள திணைக்களத் தலைமையகத்திலேயே வாங்குவது நல்லது. ஒளிப்பிரதி எடுத்த தாள்கள் ஒரு திசையில் நீண்டிருப்பதை அளவுகோல் வைத்துப் பார்த்தால் காணலாம்.

உருண்டையான புவியைத் தட்டையான தாளுக்கு மாற்றும் முறையான எறியத்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படுகிறது. புள்ளிப் படத்துக்கு, பரப்புகளின் விகிதத்தை மாற்றாத சமபரப்பு எறியமே வேண்டும் என்பது உலகப் படத்துக்கும் கண்டப் படத்துக்கும் இன்றியமையாதது. எங்கள் தேசியப் படங்களின் குறுக்கு மேர்கேற்றர் எறியத்தில் பீதுருதலாகல வழியாகச் செல்லும் நடு நெடுங்கோட்டில் அளவுக் காரணி 0.9999238 என்பதால், கிலோமீற்றருக்கு 8 சென்ரிமீற்றருக்கும் குறைவான வேறுபாடே உண்டு. பேனா முனையின் பருமனில் அது தெரியப்போவதில்லை.

முடிந்த பகுதியைப் பார்க்கும்போது குடியிருப்புக் கோலங்கள் தாமாகவே எழுந்து வருகின்றன. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு வரும் ஏ35 வீதியில் விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம், தேவிபுரம் என்று புள்ளிகள் வீதியைப் பற்றிக்கொண்டு நீள்கின்றன. முத்தையன்கட்டில் அவை வீதியை விட்டுவிட்டு, வலதுகரை, இடதுகரை வாய்க்கால்களின் வழியே செல்கின்றன. வாய்க்காலை நான் இன்னும் வரையவில்லை, ஆனாலும் அது எங்கே ஓடுகிறது என்று புள்ளிகளைக் கொண்டே சொல்லிவிடலாம். குடியேற்றத் திட்டத்தில் காணி அளந்து கொடுக்கப்பட்ட ஊருக்கும், பழைய ஊருக்கும் உள்ள வேறுபாடு இதில் பளிச்செனத் தெரிகிறது. முள்ளியவளை, குமுளமுனை போன்ற பழைய ஊர்களில் புள்ளிகள் கோயிலையும் குளத்தையும் அண்டிச் செறிந்திருக்கின்றன. கரையோரத்தில் அளம்பில், செம்மலை என்று மெல்லிய சரடாக நீண்டு, நாயாற்றுக் களப்பில் அறுபட்டு, அதற்குத் தெற்கே கொக்குளாய்ப் பக்கத்தில் மீண்டும் தொடங்குகின்றன. செறிந்த கோலம், நீள் கோலம், சிதறிய கோலம் என்று பாடசாலையில் மூன்று பெட்டிகளுக்குள் வரைந்து மனனம் செய்த மூன்றும் ஒரே பிலிமில், இரண்டு கைப்பிடி அகலத்துக்குள் கிடக்கின்றன. உயர்தர மாணவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்று பெரிதும் விரும்புகிறேன்.

இந்தப் புள்ளிகள் 2012 மார்ச் மாதத்து நிலையைக் காட்டுபவை என்பதை மறக்கலாகாது. போரில் இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட வவுனியாவின் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது அவ்வாண்டு செப்டெம்பரில்தான். மீள்குடியேற்றம் முற்றுப்பெறாத காலத்தின் படம் இது. கேப்பாப்பிலவைச் சுற்றியுள்ள வெறுமையை நிலத்தின் இயல்பு என்று எவரும் வாசித்துவிடக்கூடாது என்பதற்காக, ஆண்டையும் மாதத்தையும் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் இடப்போகிறேன். 2024 குடிசன மதிப்பீட்டின் கிராம அலுவலர் பிரிவு விவரங்களைக் கொண்டு, இதே பெறுமதியிலும் இதே 0.7 முனையிலும் இரண்டாவது பிலிம் ஒன்றை வரைந்து, இரண்டையும் ஒளிமேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் எண்ணம் உண்டு. அதற்குப் பச்சை மை வேண்டும். புறக்கோட்டையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

மற்றொரு திட்டமும் மனத்தில் இருக்கிறது. பிரான்சிஸ் கோல்டன் 1881 இல் இலண்டனிலிருந்து உலகின் பகுதிகளை அடைய எத்தனை நாட்கள் எடுக்கும் என்று சமநேரப் படம் வரைந்ததைப் போல, மாங்குளம் சந்தியிலிருந்து பேருந்திலும் துவிச்சக்கர வண்டியிலும் எவ்வளவு நேரத்தில் எங்கே சென்றடையலாம் என்பதைக் கோடுகளால் காட்ட வேண்டும். தூரம் கிலோமீற்றரில் ஒன்றாகவே இருக்கும். கோடைக்கு ஒரு சமநேரக் கோடும் மாரிக்கு இன்னொன்றும் வேண்டியிருக்கும், ஏனெனில் கிரவல் ஒழுங்கைகளும் ஆற்றுத் துறைகளும் மார்கழியில் வேறு உலகமாகிவிடுகின்றன. அதற்கான நேரக் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கிவிட்டேன்.

இப்போதைக்குத் துணுக்காய், மாந்தை கிழக்கு, வெலிஓயா ஆகியவை எஞ்சியுள்ளன. மல்லாவிப் பகுதியின் வீட்டுத்தோட்ட எல்லைகளைப் பென்சிலால் குறித்தாயிற்று. வவுனிக்குளத்துக்குக் கீழேயுள்ள குடியிருப்புகளில் எதை மேட்டுக்காணி என்று கொள்வது என்பதை நேரில் சென்று பார்த்த பின்பே மை தொடுவேன். குறிவிளக்கத்தில் "ஒரு புள்ளி = 25 பேர்" என்று எழுதுவதோடு, அடர்ந்தது, நடுத்தரமானது, ஐதானது என மூன்று சிறு சதுரங்களில் 400, 150, 25 பேருக்குரிய புள்ளிகளை மாதிரியாக இட்டுக் காட்ட எண்ணியுள்ளேன்; ஒரு சென்ரிமீற்றர்ச் சதுரத்தில் 16, 6, 1 என்று அவை அமையும். அந்தச் சதுரங்களை நந்திக்கடலுக்குக் கிழக்கே, கடல் வெண்மையாக இருக்கும் பக்கத்தில் வைத்தால் இடம் தாராளமாகக் கிடைக்கும்.