கொலுசு எத்தனை கிராம்?

பாப்பாவுக்குப் பதினாறு மாதம் முடிந்து போடும் தடுப்பூசி. புதன்கிழமை. மனைவிக்கு லீவு இல்லை. ஓசூர் கம்பெனி பஸ் எங்கள் பாலக்கோட்டுப் பக்கம் விடியற்காலை ஐந்து மணிக்கே வந்து நிற்கும். ஏறும்போது கடைசியாகச் சொன்னது, "ஃப்ரிட்ஜ்ல லிஸ்ட் ஒட்டியிருக்கேன், பாருங்க." நான் அதை ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிட்டேன். படிக்கத்தான் இல்லை.

முதல் வரி: "ஊசின்னு சொல்லிப் பயமுறுத்தக் கூடாது. அத்தைகிட்டயும் சொல்லுங்க."

இதை அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? எங்கள் வீட்டில் பாப்பா சாப்பிடுவதே நர்ஸம்மா புண்ணியத்தில்தான். களி உருண்டையைத் துப்பினால் "நர்ஸம்மா ஊசி எடுத்துக்கிட்டு வராங்க". மண்ணைத் தின்றால் நர்ஸம்மா. மத்தியானம் தூங்காவிட்டாலும் அதே நர்ஸம்மா. என் சின்ன வயதில் பூச்சாண்டி, சாக்குப்பைக்காரன், பிள்ளை பிடிக்கிறவன் என்று மூன்று பேர் பார்த்த வேலையை இப்போது அந்த அம்மா ஒருவரே சம்பளமில்லாமல் பார்க்கிறார். சொல்லிப் பார்த்தேன். "நான் எங்கடா பயமுறுத்தறேன், நடக்கப் போறதைத்தானே சொல்றேன்" என்றாள் அம்மா.

இரண்டாவது வரி: தடுப்பூசி அட்டை. பீரோவில் இல்லை, சாமிப் படத்துக்குப் பின்னால் இல்லை. மாட்டுக்கொட்டகையில் அப்பாவிடம் இருந்தது. அட்டைத் தாள் நல்ல கெட்டியாக இருக்கிறது, பேனா மை ஊறவில்லை என்று கடைசிப் பக்கத்தில் இரண்டு வாரமாகப் பால் கணக்கு எழுதி வந்திருக்கிறார். சண்டை போட நேரமில்லை. பிடுங்கிப் பைக்குள் போட்டேன்.

அதற்குள் அம்மா, "மூக்கு ஒழுகுது, அடுத்த புதன் பாத்துக்கலாம்" என்றாள். மனைவிக்கு போன் போட்டேன். டீ பிரேக்கில் இருந்தாள். "லேசான சளிக்கெல்லாம் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்னு போன தடவையே சொன்னாங்க. லிஸ்ட்ல நாலாவது வரி!" என்று வைத்துவிட்டாள்.

மூன்றாவது வரி, தளர்வான, கை இல்லாத கவுன். தொடையில் ஒன்று, மேல்கையில் ஒன்று என இரண்டு ஊசி இருக்கிறதே, அதற்காக. அதை நான் படித்து முடிப்பதற்குள் அம்மா பாப்பாவைத் தயார் செய்துவிட்டாள். கெட்டியான பாவாடை, முழுக்கை ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, கொலுசு, வெள்ளி அரைஞாண், கன்னத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு. தை மாதக் குளிர் எப்போதோ போய்விட்டது. "நாலு பேர் பாக்கற இடம்டா" என்றாள்.

துணை சுகாதார நிலையத்தில் எங்களுக்கு முன்னால் ஆறு பேர். எங்கள் முறை வந்ததும் நர்ஸம்மா பாப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாத்தையும் கழட்டுங்க, எடை பாக்கணும்."

"கொலுசுமா?"

"கொலுசுந்தான்."

அம்மா அரை மனதோடு ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பாப்பாவைத் தொங்கு தராசில் மாட்டினோம். அம்மா நர்ஸம்மாவின் காதருகே போய், "எடையைச் சத்தமா சொல்லாதம்மா, கண்ணு பட்டுரும்" என்றாள். அந்த அம்மாவும் மரியாதையாகக் குரலைத் தாழ்த்தி, "ஒன்பது கிலோ நூறு" என்றார். பிறகு அட்டையைப் புரட்டினார். போன மாதம் பால்வாடியில் நிறுத்தது ஒன்பது கிலோ முந்நூறு. "இருநூறு கிராம் குறைஞ்சிருக்கே?"

"என்னது, குறைஞ்சிருக்கா?" அம்மா போட்ட சத்தத்தில் வாசலில் கட்டியிருந்த ஆடு எழுந்து நின்றது. கண் படாமல் காத்த ரகசியம் அத்தோடு ஊருக்கே தெரிந்துபோனது.

கேள்விகள் ஆரம்பித்தன. வயிற்றுப்போக்கு இருந்ததா, காய்ச்சல் இருந்ததா, என்ன சாப்பிடுகிறாள்? அம்மா ஒரு கல்யாணப் பந்தியையே இறக்கினாள். காலையில் கேழ்வரகுக் கூழ், பத்து மணிக்கு முட்டை, மத்தியானம் பருப்பு சாதம் நெய் விட்டு, சாயங்காலம் வாழைப்பழம். இதில் முட்டையைத் தினமும் சாப்பிடுவது எங்கள் வீட்டுப் பூனை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

நர்ஸம்மா கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டார். "இது என்னங்க, 14ஆம் தேதி காலை மூணு லிட்டர், மாலை ரெண்டரை? இவ்வளவு பால் குடிச்சுமா எடை ஏறலை?"

அப்பாவின் மாடு என்று விளக்கினேன்.

இரும்புச்சத்து டானிக் வாரம் இரண்டு தடவை, ஒரு மில்லி கொடுக்கிறீர்களா என்றார். அது சாமி அலமாரியில் நிம்மதியாக இருக்கிறது. கொடுத்தபோது மலம் கறுப்பாகப் போயிற்று என்று அம்மா நிறுத்திவிட்டாள். "கறுப்பாத்தான் போகும், அதுல ஒண்ணும் தப்பில்ல. திரும்ப ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு, மேல்கையில் கலர் டேப்பைச் சுற்றிப் பார்த்தார். பச்சை, அதாவது சத்துக்குறைவு இல்லை. பன்னிரண்டரை சென்டிமீட்டருக்கு மேல். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"பாப்பா எத்தனை வார்த்தை பேசுது?"

"இருபது!" என்றாள் அம்மா.

"ஒண்ணு சொல்லச் சொல்லுங்க."

பாப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மா சொல்லு கண்ணு, ஆயா சொல்லு, காக்கா எங்கே, மாடு எப்படிக் கத்தும்? அம்மா மாடாகவே மாறிக் கத்திக்காட்டினாள், அசையவில்லை. பரீட்சை ஹாலில் பிட் கொடுக்க முயல்பவனைப் போல நானும் பின்னால் நின்று உதட்டை அசைத்தேன். கடைசியில் பாப்பா நர்ஸம்மாவை நேராகக் கைகாட்டி, கணீரென்று சொன்னாள்:

"ஊச்சி!"

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. நர்ஸம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள்.

"என்னைக் காட்டித்தான் சோறு ஊட்டறீங்களா?"

இடது தொடையில் ஒன்று, வலது மேல்கையில் ஒன்று, வாயில் சொட்டு மருந்து, அப்புறம் இரண்டு மில்லி வைட்டமின் ஏ. அழுகை அரை நிமிடம். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கப் போன அம்மாவின் கையை நர்ஸம்மா பிடித்துக்கொண்டார். தேய்க்கக் கூடாது, எண்ணெய் மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது, ராத்திரி காய்ச்சல் வரலாம், பாராசிட்டமால் சிரப் எடைக்குத் தக்க அளவு, அரை மணி நேரம் இங்கேயே உட்காருங்க. எடைக்குத் தக்க அளவு என்றதும் அம்மா மறுபடி ஆரம்பித்தாள்: "எந்த எடைக்கு? போன மாசத்துக்கா, இந்த மாசத்துக்கா?"

அப்போதுதான் அம்மாவின் மடியிலிருந்த துணிமூட்டையை நர்ஸம்மா பார்த்தார். "போன மாசம் இதெல்லாம் போட்டுக்கிட்டேவா நிறுத்தீங்க?"

ஒப்புக்கொண்டேன். டீச்சர் கழற்றச் சொன்னார்தான். குளிர் என்று அம்மா விடவில்லை, நானும் தலையாட்டினேன்.

"அப்ப குறைஞ்சது பாப்பா இல்ல, கொலுசு" என்று சிரித்தார். "ஒரு மாசப் புள்ளியை மட்டும் பாத்துப் பயப்படாதீங்க. அட்டையில எடைக் கோடு எப்படிப் போகுதுன்னுதான் பாக்கணும். அடுத்த மாசமும் இதே மாதிரி துணியில்லாம நிறுத்துங்க."

நான் சமாதானமாகிவிட்டேன். அம்மா ஆகவில்லை. வரும் வழியில் மளிகைக் கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். கொலுசு, அரைஞாண், ஸ்வெட்டர், குல்லா, பாவாடை எல்லாவற்றையும் எலக்ட்ரானிக் தராசில் கொட்டினாள். பின்னால் துவரம்பருப்புக்கு ஒருவர் காத்திருந்தார். முந்நூற்று எண்பது கிராம்.

"அப்ப புள்ளை நூத்தி எம்பது கிராம் ஏறியிருக்கா" என்று விரலை மடக்காமல் கணக்குச் சொன்னாள். பத்திரம் எழுதுகிற கவனத்தோடு கடைக்காரரிடம் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாங்கி, அட்டைக்குள் குத்தியும் வைத்தாள்.

ராத்திரி வேலை முடிந்து வந்த மனைவி அட்டையைப் பிரித்தாள். சீட்டைப் பார்த்தாள். பக்கத்தில் பால் கணக்கைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.