ஒளிராத தட்டு

எங்கள் ஆய்வகத்தில் இந்தச் செய்முறை வகுப்பு மீன் ஐஸில்தான் தொடங்கும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கல்லூரி, ஐஸ் மெஷின் கிடையாது. நாகப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் வண்டிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவைத்தால், காலையில் அரைப் பாளம் ஐஸைக் கோணியில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். மாணவிகள் அதைச் சுத்தியால் உடைத்து தெர்மோகோல் பெட்டியில் நிரப்புவார்கள். லேசான மீன்வாடை இருக்கும். ட்யூப்கள் மூடியிருப்பதால் பாக்டீரியாவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

ஜெல்லிமீனின் ஜீன் ஒன்றை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அதைப் பச்சையாக ஒளிரவைத்து, அப்புறம் அந்த ஒளிரும் புரதத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். மூன்று நான்கு நாள் வேலை. 1960களின் தொடக்கத்தில் ஒசாமு ஷிமோமுரா அமெரிக்கக் கடலோரத்தில் ஆயிரக்கணக்கான ஜெல்லிமீன்களைப் பிடித்து, விளிம்பை வெட்டிப் பிழிந்து இந்தப் புரதத்தைக் கண்டார். 1992இல் டக்ளஸ் பிராஷர் அதன் ஜீனைப் பிரித்தெடுத்தார். 1994இல் மார்ட்டின் சால்ஃபி அதைப் பாக்டீரியாவில் ஒளிரவைத்துக் காட்டினார். 2008இல் ஷிமோமுரா, சால்ஃபி, ரோஜர் சியன் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. ஜீனைப் பிரித்து மற்றவர்களுக்குக் கொடுத்த பிராஷர் அந்த மூவரில் இல்லை. இந்த இடத்தில் வகுப்பு சற்று நேரம் பேசாமல் இருக்கும். நானும் அவசரப்படுத்த மாட்டேன்.

ஜெல்லிமீன் ஜீனைச் சுமக்கும் சின்ன டிஎன்ஏ வளையம்தான் பிளாஸ்மிட். ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தாங்கும் ஜீனும் அதில் இருக்கும். கால்சியம் குளோரைடு கரைசலில் பாக்டீரியாவையும் பிளாஸ்மிடையும் கலந்து 10 நிமிடம் ஐஸில் வைப்போம். பிறகு 42 டிகிரி வெந்நீரில் 50 விநாடி, உடனே மறுபடி ஐஸ். டிஎன்ஏவுக்கும் செல்லின் மேற்பரப்புக்கும் ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளும். கால்சியம் நடுவில் புகுந்து அந்தத் தள்ளலைத் தணிக்கும். திடீர்ச் சூட்டில் பிளாஸ்மிட் உள்ளே போகும், அதுவும் பல ஆயிரம் செல்களில் ஒன்றிரண்டில்தான். ஐஸ் பெட்டியை வாட்டர் பாத்தை ஒட்டியே வைக்கச் சொல்வேன். நாலு எட்டு நடந்தாலே ட்யூப் சூடேறிவிடும்.

அடுத்து ஆம்பிசிலின் கலந்த தட்டுகளில் பாக்டீரியாவைப் பரப்புவோம். பிளாஸ்மிட் ஏறியவை மட்டுமே அதில் பிழைக்க வேண்டும். ஒரு வருடம் அந்தத் தட்டு எல்லாவற்றிலும் பாக்டீரியா பாய் விரித்தாற்போல் வளர்ந்துவிட்டது, பிளாஸ்மிட் போடாத தட்டிலும்கூட. தவறு என்னுடையது. மின்சாரம் போய்விடுமோ என்ற அவசரத்தில், தட்டில் உறையும் கூழான அகார் ஆறும் முன்பே ஆம்பிசிலினை ஊற்றிவிட்டேன். சூட்டில் மருந்து செத்துவிட்டது. மாணவிகளிடம் அதை மறைக்கவில்லை. அந்தத் தட்டுகளையே மேசையில் பரப்பி, எங்கே பிசகியது என்று அவர்களையே தேடச் சொன்னேன். இருபது நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதுவரை நான் முதலிலேயே கரும்பலகையில் எல்லாவற்றையும் படம்போட்டு விளக்கிவிட்டுத்தான் செய்முறையைத் தொடங்குவேன். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

தட்டில் பரப்பிய மறுநாள் சன்னலை அடைத்துத் தட்டுகளைப் பார்ப்போம். கடையில் கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்குதான் எங்களிடம் இருப்பது. அதுவே போதும். கண்ணில் படாமல் விளக்கைத் தாழ்த்திப் பிடித்தால் அராபினோஸ் என்ற சர்க்கரை கலந்த தட்டில் காலனிகள், அதாவது பாக்டீரியாக் கூட்டங்கள், இளநாற்றின் பச்சையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். எல்லோரும் அதன் மேல் குனிந்துகொள்வார்கள். நான் பக்கத்துத் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்துவேன். அதே பாக்டீரியா, அதே பிளாஸ்மிட், அதே ஆம்பிசிலின். அராபினோஸ் மட்டும் இல்லை. காலனிகள் வெளுத்துக் கிடக்கும்.

சென்ற ஆண்டு ஒரு பெண் கேட்டாள்: "ஜீன் உள்ளே இருக்குல்ல மேம், அப்புறம் ஏன் இது மட்டும் ஒளிரல?"

"ஜீன் உள்ளே இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"ஆம்பிசிலின்ல சாகாம வளந்திருக்கே."

அப்படியே விட்டேன். ஒருத்தி மியூட்டேஷன் என்றாள், இன்னொருத்தி இன்குபேட்டர் என்றாள். வலங்கைமான் பக்கத்திலிருந்து வரும் பெண், கடைமடை விவசாயி வீட்டுப் பிள்ளை, மெதுவாகச் சொன்னாள்: "ஆத்துல தண்ணி இருக்கு, ஷட்டர் திறக்கல. அப்படித்தானே மேம்?"

அப்படியேதான். அராசி என்ற புரதம் அந்த ஜீனின் வாசலை அடைத்து நிற்கிறது. அராபினோஸ் வந்து ஒட்டினால் அதுவே வளைந்து வழிவிடுகிறது. சர்க்கரை இல்லாதபோது அதைச் செரிக்கும் நொதியைச் செய்து பாக்டீரியா ஏன் வீணடிக்க வேண்டும்? அந்த நொதி ஜீன்கள் இருந்த இடத்தில்தான் ஜெல்லிமீன் ஜீனை வைத்திருக்கிறார்கள். "அப்படின்னா இதை எடுத்து அந்தத் தட்டுல கோடு போட்டா ஒளிரணுமே" என்றாள் முதலில் கேட்டவள். கோடு இழுக்கும் கம்பியான லூப்பை அவள் கையில் கொடுத்தேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே வந்து ஆய்வக வாசலில் நின்றாள். கோடு பச்சையாக ஒளிர்ந்தது.

பிரித்தெடுப்பது பொறுமை வேலை. செல்சுவரை அரிக்கும் லைசோசைம் நொதியைச் சேர்த்து உறையவைத்துச் செல்லை உடைத்து, அம்மோனியம் சல்பேட் கரைசலோடு கண்ணாடிக் குழலில் ஊற்ற வேண்டும். "உரமா மேம்?" என்று கேட்பார்கள். உரமேதான், வீட்டில் மூட்டையாகப் பார்த்தது. உப்பு மிகுந்தால் தண்ணீரை விரும்பாத பகுதிகளால் இந்தப் புரதம் குழலுக்குள் இருக்கும் மணிகளில் ஒட்டிக்கொள்ளும், உப்புக் குறைந்தால் விட்டுவிடும். விளக்கைப் பிடித்தால் ஒரு பச்சை வளையம் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்குவது தெரியும்.

கடைசி நாள் கழுவும்போது வலங்கைமான் பெண் தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இதை அப்படியே கொட்டினா வாய்க்காலுக்குத்தானே போகும்?" ஆய்வக ரகம் வெளியே எளிதில் பிழைக்காது. ஆனால் ஆம்பிசிலினைத் தாங்கும் ஜீன் அதனுள் இருக்கிறது, வேறு பாக்டீரியாவுக்குப் போகக்கூடாது. அதனால் எல்லாவற்றையும் ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரியில் வைத்த பிறகுதான் குப்பைக்கு அனுப்புவோம். திறந்தபோது பிளாஸ்டிக் தட்டுகள் உருகிச் சுருண்டிருந்தன. அவள் விளக்கை எடுத்துவந்து அவற்றின் மேல் பிடித்தாள். எங்கும் பச்சை இல்லை.

"புரதம் வெந்துடுச்சு மேம்" என்றாள். "முட்டை மாதிரி."