எலும்புக்கூடு கவுன் பைத்தியம்

ஜூன் 4

முகூர்த்த பிளவுஸ் எல்லாம் டெலிவரி போயாச்சு, கட்டிங் டேபிள் காலி, அதனால மறுபடியும் எல்சா ஸ்கியாபரெல்லி, பாரிஸ்ல கடை நடத்துன அந்தக் கால ஃபேஷன் டிசைனர். 1890ல ரோம்ல பொறந்த பெரிய வீட்டுப் பொண்ணு, டெய்லரிங் முறையா படிச்சதே இல்ல. 1927ல பாரிஸ்ல ஒரு கறுப்பு ஸ்வெட்டர், கழுத்துல வெள்ளை ரிப்பன் முடிச்சு (bow) கட்டின மாதிரி இருக்கும், ஆனா முடிச்சே கிடையாது, எல்லாம் பின்னல்லயே வந்தது. பின்னிக் கொடுத்தது ஒரு ஆர்மீனியப் பெண்மணி. வெள்ளை நூல் பின்னாடியே கூட ஓடுறதால கறுப்புல பொடிப் பொடியா புள்ளி எட்டிப் பாக்கும், துணியும் தொளதொளன்னு இழுபடாது. அதைப் போட்டுட்டு ஒரு விருந்துக்குப் போனாங்க, நியூயார்க் ஆர்டர் கைக்கு வந்துருச்சு.

ஜூன் 5

எல்லாரும் பேசுறது 1937 இறால் கவுனைத்தான். வெள்ளை ஆர்கன்ஸா துணி, பாவாடைல ஓவியர் சால்வடார் டாலி வரைஞ்ச சிவப்பு சிங்கி இறால், சுத்தி கொத்தமல்லி மாதிரி பார்ஸ்லி. இங்கிலாந்து ராஜா எட்டாம் எட்வர்ட் யாருக்காக ராஜ பதவியைத் துறந்தாரோ அந்த வாலிஸ் சிம்ப்சன் போட்டு, செசில் பீட்டன் போட்டோ எடுத்தாரு. கவுன் மேல நெஜ மயோனைஸ் ஊத்தலாமான்னு டாலி கேட்டாராம், எல்சா முடியாதுன்னுட்டாங்களாம். எனக்கு அதுல பிடிச்சதே அந்த முடியாதுதான், எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சிருக்கு. தலையில செருப்பைக் கவுத்து வச்ச தொப்பியும் இவங்களதுதான், அது எனக்கு அவ்வளவா ஒட்டல.

ஜூன் 7

எலும்புக்கூடு கவுன், 1938 சர்க்கஸ் கலெக்‌ஷன். கறுப்பு க்ரேப் துணி, கழுத்துலருந்து தரை வரைக்கும், உடம்போட ஒட்டி. எலும்பு பிரிண்ட்டும் இல்ல, எம்ப்ராய்டரியும் இல்ல. ரெண்டு அடுக்கு துணியச் சேத்து எலும்போட கோட்டத் தச்சு, பின்பக்கமா உள்ள பஞ்சைத் திணிச்சிருக்காங்க, அவ்வளவுதான், விலா எலும்பு புடைச்சுக்கிட்டு நிக்குது. தோள்லயும் சைடுலயும் பிளாஸ்டிக் ஜிப். ஒரு துண்டு க்ரேப்ல நானும் போட்டுப் பாத்தேன், பஞ்சு கொஞ்சம் கூடுனா சுத்தி இருக்குற துணி சுருங்குது, கொறஞ்சா எலும்பே தெரியல. ஒரு முழு உடம்புக்கு இதை அளவா செஞ்ச கை யாரோடதோ, அவங்க பேரு ஏன் போஸ்டர்ல வரல? எல்சா சும்மா கிறுக்குத்தனம் பண்ணினாங்கன்னு வாய்க்கு வந்தபடி எழுதுறவங்க ஒருதடவை ஊசி புடிச்சுட்டு எழுதட்டும்.

ஜூன் 10

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சப்புறம் டிசைனர் டியோரோட இறுக்கின இடுப்பும் பெரிய பாவாடையும் வந்துருச்சு, இந்தம்மாவோட விளையாட்டுக்கு ஆள் கொறஞ்சாங்க, 1954ல கடைய மூடிட்டாங்க. கொடுமையப் பாருங்க, அதே வருஷம்தான் பழைய எதிரி, டிசைனர் கோகோ சேனல், எழுபது வயசுல திரும்ப வந்து கலெக்‌ஷன் போட்டது.

எலும்புக்கூடு கவுன் இப்ப லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் (வி அண்ட் ஏ) மியூசியத்துல இருக்கு. அங்க இருக்குற யாராச்சும் போனா, அதோட உள்பக்கத்தக் காட்டுவாங்களான்னு கேட்டுப் பாருங்க, கெடச்சா போட்டோ அனுப்புங்க. முன்பக்கம் வேணாம், அது நெட்ல கொட்டிக் கெடக்கு.