கறுத்துப்போன 12 டிக்கெட்டும் 2024 படப் பட்டியலும்

ஓர் ஏ4 உறைக்குள் வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை அடுக்கிக் கொடுத்த 12 சினிமா டிக்கெட்டும் லேமினேஷன் இயந்திரத்தின் மறுபக்கம் அடுப்புக்கரி மாதிரி வெளியே வந்தன. படத்தின் பெயர், தேதி, காட்சி நேரம், சீட் நம்பர், எதுவும் இல்லை. கடைக்காரர் என்னைவிட அதிகமாகப் பதறிவிட்டார். "சார், இது பில்லு போடுற பேப்பர் சார். குடுக்கும்போதே சொல்லியிருக்கலாமே" என்றார். இரண்டு நாள் அந்த உறையைத் திரும்பிப் பார்க்கவே மனசு வரவில்லை. இப்போது கொஞ்சம் தெளிந்துவிட்டது, எழுதுகிறேன்.

வருடா வருடம் பிடித்த படங்களைப் பொறுக்கி டிக்கெட்டோடு நோட்டில் ஒட்டுகிறவர்களுக்கு முறையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2024இல் நான் அரங்கில் பார்த்தது 31 முறை. அதில் 8 டிக்கெட் ஒற்றைத் திரை அரங்குகளில் கிழித்துக் கொடுத்த பழைய பாணித் தாள். அதற்கு ஒன்றும் ஆகாது. அசோக் நகர் உதயத்தில் என்றைக்கோ வாங்கிய டிக்கெட் என் முதல் நோட்டில் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. உதயத்தைத்தான் 2024இல் மூடிவிட்டார்கள். மீதி 23 டிக்கெட்டும் தெர்மல் தாள்.

இந்தத் தாளில் மையே கிடையாது. மேல்பூச்சிலேயே சாயமும் அதைக் கறுக்க வைக்கிற வேதிப்பொருளும் இருக்கும். சூடு பட்ட இடத்தில் இரண்டும் கலந்து எழுத்தாகிறது. சுடச்சுடக் காபி டம்ளரை வைத்தாலே வட்டமாகக் கறுத்துவிடும் தாளை, நூறு டிகிரிக்கு மேல் ஓடுகிற உருளை விட்டுவைக்குமா? எனக்கு அதுவரை தெரிந்திருந்தது வேறு ஆபத்து. 2023 டிக்கெட்டுகளை ஸ்டாம்ப் ஆல்பத்தின் பிவிசி உறையில் போட்டு பீரோ மேல் வைத்திருந்தேன். ஒரே கோடையில் வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டன. பிவிசியை வளைய வைக்கச் சேர்க்கும் பொருள் மெல்லக் கசிந்து அந்தச் சாயத்தைத் தின்றுவிடும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையின் வெக்கை வேறு. அதனால்தான் இந்த வருடம் காற்றே புகாமல் லேமினேஷன் போடலாம் என்று போனேன்.

பின்பக்கம் பிழைத்தது. இடைவேளையிலோ, படம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதோ டிக்கெட்டின் பின்னால் பென்சிலில் ஒரு வரி எழுதுவது என் வழக்கம். பூச்சு முன்பக்கம் மட்டும்தான் என்பதால் பின்னால் லேசாகச் சாம்பல் பூத்ததோடு சரி. படத்தின் பெயரை நான் எழுதுவதில்லை, அதுதான் முன்னால் இருக்கிறதே. கவுண்டரில் வாங்குவதால் போனிலும் எந்தப் பதிவும் இல்லை. ஆக, என் கையில் இருந்தது பெயர் இல்லாத 12 வரிகள்.

முதல் வரி: "கோழி கூவுறதே போதும்." யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, கொட்டுக்காளி. பி.எஸ்.வினோத்ராஜ் படம் முழுக்கப் பின்னணி இசையே வைக்கவில்லை. ஷேர் ஆட்டோவின் உறுமல், கட்டிப்போட்ட சேவலின் படபடப்பு, தொண்டை கட்டிய சூரியின் கரகரப்பு, இவ்வளவுதான். அன்னா பென் வாயைத் திறப்பதே அபூர்வம். அந்த வரியைப் படித்ததும் ஆட்டோ சத்தம் அப்படியே காதுக்குள் வந்துவிட்டது. டிசம்பரில் நான் போட்ட பட்டியலில் இந்தப் படம் ஆறாவது இடத்தில் இருந்தது. அது தப்பு. இப்போது மூன்றாவது.

அடுத்தது "தொட்டிக்குப் பேர் இருக்கு". இது மகாராஜா. லட்சுமி என்ற குப்பைத்தொட்டியைக் காணோம் என்று விஜய் சேதுபதி போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற படத்தை யார் மறப்பார்கள்? நித்திலன் கதையை முன்பின்னாக அடுக்கிய விதம் அபாரம். ஆனாலும் முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டேன். அந்த வரி என்னைத் தொட்டி வரைக்கும்தான் கூட்டிக்கொண்டு போனது, அந்த அப்பாவிடம் கூட்டிப்போகவில்லை.

"18 நிமிஷம் எங்கே?" என்று கோபமாக அழுத்தி எழுதியது மெய்யழகன், இரண்டாவது முறை பார்த்தது. செப்டம்பர் 27இல் வெளியான முழுப் படத்தை முதலில் பார்த்தேன். நீளம் என்று பேச்சு வந்ததும் சில நாளிலேயே 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். கார்த்தியும் அரவிந்த்சாமியும் இரவெல்லாம் உட்கார்ந்து பேசுவதுதானே படம்? அதில் குறைத்தால் என்ன மிச்சம்? முதல் முறை எழுதியதும் அதே உறையில் இருந்தது: "சைக்கிள்." அந்த ஒரு சொல்தான். தான் விட்டுவிட்டு வந்த சைக்கிள் ஒரு குடும்பத்துக்கு என்னவாக ஆனது என்று அருளுக்கு, அதாவது அரவிந்த்சாமிக்கு, தெரியவரும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஊரையும் வீட்டையும் விட்டுச் சென்னைக்கு வந்த எவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இந்த வருடம் எனக்கு முதல் படம் இதுதான், இனி மாற்றுவதாக இல்லை.

சிக்கல் "எல்லாரும் சேர்ந்து பாடினோம்" என்ற வரியில். மஞ்சும்மல் பாய்ஸ் பார்த்தபோதும் அரங்கமே குணா பாட்டைப் பாடியது. லப்பர் பந்துவில் 'கெத்து' என்ற பாத்திரமாக வரும் தினேஷ் மட்டையைத் தூக்கிக்கொண்டு வரும்போது விஜயகாந்த் பாட்டு ஒலித்தால் அப்போதும் பாட்டுதான், விசில்தான். இதற்காக ஒரு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டினேன். ஸ்கேன் செய்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்ததில் கருப்பு சாம்பலானதே தவிர எழுத்து வரவில்லை. அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் தாளோடு தாளாகப் படுக்க வைத்து அடித்தேன். முதலில் சூடுபட்ட எழுத்துகளுக்கு மட்டும் ஒரு சின்னப் பளபளப்பு இருக்கிறது. நேராகப் பார்த்தால் தெரியாது, தலையைச் சாய்த்தால் ஒரு நொடி மின்னி மறைகிறது. அப்படி ஜி 7, ஜி 8 என்று இரண்டு சீட் தெரிந்தது. மஞ்சும்மல் பாய்ஸுக்கு நான் தனியாகப் போனேன். தம்பியைக் கூட்டிப்போனது லப்பர் பந்துவுக்கு. கண்டுபிடித்துவிட்டேன்! ராத்திரி ஒன்றரை மணிக்கு அவனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அண்ணா, ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சிரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். லப்பர் பந்து இரண்டாவது இடம்.

தம்பி சொன்னது சரிதான். மிச்சமிருக்கும் 11 தெர்மல் டிக்கெட்டுக்கும் முதலில் ஜெராக்ஸ். சூடில்லாமல் ஒட்டும் கோல்டு லேமினேஷன் போடச் சொல்கிறார்கள், ஆனால் அதன் பசையும் நாளடைவில் எழுத்தை அழிக்கும், எனக்கு நம்பிக்கை இல்லை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை விற்கிற கடைகளில் கிடைக்கும் பிபி (பாலிபுரொப்பிலீன்) கவர் போதும், அதில் அந்தக் கசிவு கிடையாது. பிவிசியா பிபியா என்று கேட்டு வாங்குங்கள், பிபி என்றால் கண்ணாடி மாதிரி விறைப்பாக இருக்கும், கசக்கினால் மொறுமொறு என்று சத்தம் வரும். நோட்டையும் பீரோ மேலிருந்து இறக்கி உள்ளே வைத்துவிட்டேன். நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போகும்போது தடித்த தாளில் கோடு போடாத நோட்டு கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும், 2025க்கு இப்போதே வேண்டும். இனிமேல் பின்பக்கம் படத்தின் பெயரையும் எழுதுவேன்.

நான்காவது இடம் ஜமாவா மகாராஜாவா என்று இன்னும் முடிவாகவில்லை. கூத்தில் பெண் வேஷம் கட்டுகிறவன் அர்ஜுனன் வேஷத்துக்கு ஏங்குவதை பாரி இளவழகன் நடித்துக் காட்டியது மனசைவிட்டுப் போக மறுக்கிறது.

ஒரே ஒரு டிக்கெட் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "பக்கத்து சீட் அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க." இது வாழையாக இருக்கலாம், அமரனாகவும் இருக்கலாம். இரண்டிலுமே கடைசியில் என் பக்கத்தில் யாரோ அழுதுகொண்டுதான் இருந்தார்கள், நானும்தான். டார்ச் அடித்துப் பார்த்தும் எதுவும் தெரியவில்லை. நோட்டில் அதற்கு ஒரு பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.