அழித்து அழித்து எழுதியது

நண்பனின் தந்தை இறந்த செய்தி கேட்டு அவனுக்கு எழுத உட்கார்ந்தேன். ‘வருந்துகிறேன்’ என்று எழுதினேன், அழித்தேன். ‘உன் துயரத்தில் பங்குகொள்கிறேன்’ என்றது யாரோ அச்சடித்துத் தந்ததுபோல இருந்தது, அதையும் அழித்தேன்.

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று தொல்காப்பியம் 8 மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. மெய்ப்பாடு! உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரிவது. எவ்வளவு நுட்பமான பெயர்! ஆனால் என்னிடம் இருந்தது அழுகையும் அச்சமும் கலந்த ஒன்று. கூடவே, என் அப்பா இன்னும் இருக்கிறார் என்ற ஆறுதல். அந்த ஆறுதலை நினைத்து ஒரு கூச்சம். இத்தனையையும் எந்தச் சொல்லில் வைப்பது?

கடைசியில் ‘வருகிறேன்’ என்று மட்டும் அனுப்பினேன். போய், அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கலவைக்கு இன்னும் பெயர் தேடிக்கொண்டிருக்கிறேன்.