சியம் ரீப் நாட்குறிப்பு: கல்லும் அடுப்பும்

ஜனவரி 12, 2025

கம்போடியாவின் அங்கோர்க் கோயில்களுக்கு மூன்று நாள் சீட்டு 62 டாலர். பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம் என்பதால் அவசரமில்லை. முதல் நாளை முழுக்க பாயோனுக்கே கொடுத்தேன்.

ஏழாம் ஜெயவர்மன் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பத் தொடங்கிய கோயில். வருகிறவர்கள் மேலே ஏறி அந்தப் பெரிய கல்முகங்களைப் படம் எடுக்கிறார்கள். எனக்கு வேலை கீழே, தெற்கு வெளிச்சுற்றில். அங்கே சுவரில் செதுக்கிய போர்க் காட்சிக்கு அடியிலேயே ஊர் தன் பாட்டுக்கு இயங்குகிறது: சேவல் சண்டை, மீன் விற்கும் பெண்கள், கொதிக்கும் கொப்பரையில் பன்றியை இறக்குகிறவர்கள், பிரசவ வலியில் ஒருத்தி. ராஜாவின் கோயிலில் இவர்களுக்கும் சுவர் ஒதுக்கிய அந்தச் சிற்பிகள் மேல் பெரிய அன்பு வந்துவிட்டது.

புடைப்புச் சிற்பம் ஆழமில்லாதது, நேர் வெளிச்சத்தில் ஒன்றும் எழாது. ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் உதிப்பதால் காலை வெயில் இந்தச் சுவரை உரசிக்கொண்டு போகிறது. சுற்றின் கூரை எப்போதோ விழுந்துவிட்டது, அதனால் மறைப்பும் இல்லை. எட்டரை மணிவாக்கில் மீன்காரியின் விரல்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. நண்பகலில் வெயில் மேலிருந்து கொட்டியது, முகங்கள் எல்லாம் இருண்டன. கேமராவை மூடிவிட்டேன்.

ஜனவரி 13

இன்று சீட்டைத் தொடவில்லை. காலையில் ப்சார் லெ சந்தை. ப்ரஹொக் வாடை தெருமுனையிலேயே வரவேற்கிறது. மீனை உப்பிட்டுப் புளிக்கவைத்தது, இங்கே அது இல்லாமல் குழம்பே இல்லை. மீன் கடைகளில் பெண்கள் பலகை மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், நேற்றைய சுவரில் பார்த்த அதே உட்காரல். ஒரு பாட்டியிடம் கேமராவைக் காட்டிக் கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார். சரி, எடுக்கவில்லை. அந்த முகம் இப்போதும் நினைவிருக்கிறது, அது போதும்.

ஜனவரி 14

பொங்கல். அம்மாவுக்கு இருட்டிலேயே செய்தி அனுப்பிவிட்டு ஐந்து மணிக்கு அங்கோர் வாட். இடப்பக்கக் குளத்தங்கரையில் ஏற்கெனவே பெரிய கூட்டம். இந்த மாதத்தில் சூரியன் கோபுரங்களுக்கு வலப்பக்கம் தள்ளித்தான் எழும். நடுக்கோபுரத்தின் உச்சியில் அதைப் பார்க்க மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமஇரவு நாட்களில் வர வேண்டும். நான் திரும்பி நின்றேன். பின்னால், வடமேற்கில், முழுநிலா அகழியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

மேற்குக் கோபுர வாசலின் தென்பகுதியில் எட்டுக்கை விஷ்ணு நிற்கிறார். இரண்டாம் சூர்யவர்மன் கட்டியது விஷ்ணுவுக்கான கோயில்தான். இன்று ஊர்மக்கள் இந்தச் சிலையை ‘தா ரீச்’ என்று அழைத்துக் கும்பிடுகிறார்கள். ‘தா’ என்றால் தாத்தா. தோளில் காவித் துணி, காலடியில் ஊதுபத்திப் புகை, தாமரை மொட்டு, பழத்தட்டு. கைக்குழந்தையோடு வந்த ஒரு தம்பதி, நான் அனுமதி கேட்டதும் சிரித்து நகர்ந்து இடம் கொடுத்தார்கள். குழந்தை புகையைப் பிடிக்கக் கைநீட்டிய அந்தப் படம்தான் இந்தப் பயணத்தின் படம். இதைப் பார்த்த பிறகும் இந்த இடத்தை ‘இடிபாடுகள்’ என்று எப்படி எழுதுகிறார்கள்?

என் டுக்டுக் ஓட்டுநரை எல்லோரையும் போல ‘பொங்’ என்றே கூப்பிடுகிறேன், அண்ணன் என்று பொருள். அவர் வீடு முன்பு அகழிக்குப் பக்கத்தில் இருந்ததாம். 2022 முதல் பாரம்பரியப் பகுதியில் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை ரன் தா ஏக் என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். இவரும் அங்கேதான். கோயிலைக் காப்பது அவசியம்தான். ஆனால் தா ரீச்சுக்கு ஊதுபத்தி ஏற்றுகிறவர்களைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டு எதைக் காப்பது என்று மனம் ஆறவில்லை.

ஜனவரி 15

பாந்தேய் ஸ்ரேய் போகும் வழியில் ப்ரெ டாக் கிராமம். சாலை நெடுக அடுப்புகள். அகன்ற இரும்புச் சட்டிகளில் பதநீர் காய்கிறது. பனை கம்போடியாவின் தேசிய மரம். ஏறுவதற்கு மரத்தோடு மூங்கிலைக் கட்டி ஏணியாக்கி வைத்திருக்கிறார்கள். பாகு இறுகும்போது துடுப்பால் விடாமல் கிண்டி, ஓலை வளையங்களில் ஊற்றுகிறார்கள். ஒரு அக்கா சூடாக ஒரு வில்லையை என் உள்ளங்கையில் வைத்தார். நேற்று தவறிய பொங்கல் நாக்கில் கரைந்தது. புகைக்குள் சாய்ந்து விழுந்த வெயிலில் அவர் கையைப் படமெடுத்தேன்.

பாந்தேய் ஸ்ரேய் 967இல் குடமுழுக்கு கண்ட சிவன் கோயில். செம்மணற்கல்லில் மரவேலை போன்ற நுணுக்கம். கிழக்குப் பக்க வாசல் ஒன்றின் முகப்பில் பத்துக்கைகளுடன் சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் ஓரமாக, வற்றிய மார்பும் எலும்புமாக ஒரு பெண். ஆய்வாளர்கள் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் காண்கிறார்கள். தன்னைத் தானே பேய் என்று சொல்லிக்கொண்ட நம் அம்மை, கடல் தாண்டி இத்தனை தூரம் வந்து ஆட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். நெடுநேரம் படமே எடுக்கவில்லை, கண்கள் கலங்கியிருந்தன. அப்புறம் நீள லென்ஸில் மூன்றே படங்கள்.

நான்கு மணிக்கு பொங் என்னை மறுபடி பாயோனில் இறக்கினார். தெற்குச் சுற்றில் வெயில் இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது, நிழல்களும் மறுபக்கம் விழுகின்றன. கொப்பரைக்காரர்களின் முன் நின்றபோது என் சட்டையில் இன்னும் பாகு வாசனை இருந்தது.