பிசிஐ கார்டுக்குள் ஒரு டிவைஸ் ட்ரீ: இதுவரை நடந்தது

அஸ்தம்பட்டி வீட்டில் இருக்கும் பழைய இன்டெல் கம்ப்யூட்டரில் ஒரு எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே மாற்றியமைக்கக்கூடிய சிப்) கார்டைச் செருகியிருக்கிறேன். கார்டுக்குள் சைலிங்ஸ் ஐ2சி (சிறு சிப்புகள் பேசிக்கொள்ளும் இணைப்பு) கன்ட்ரோலர் ஒன்று, ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டு லைன்கள்) ஒன்று. ஐ2சி கம்பியில் எல்எம்75 வெப்பமானி. எல்லாவற்றுக்கும் லினக்ஸ் கர்னலில் டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் பிசிஐ பஸ்ஸுக்குத் தெரிவதெல்லாம் கார்டு இருக்கிறது, அதன் பார் (கார்டுக்கு ஒதுக்கும் முகவரிப் பகுதி) இவ்வளவு பெரியது என்பதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும். அதைச் சி கோடில் எழுதிவைத்தால் எஃப்பிஜிஏ டிசைனை மாற்றும்போதெல்லாம் டிரைவரையும் திருத்த வேண்டும். எந்த முகவரியில் என்ன சாதனம் என்று கர்னலுக்குச் சொல்லும் பட்டியல்தான் டிவைஸ் ட்ரீ; அதில் பிறகு ஒட்டும் துண்டு ஓவர்லே. ஓவர்லேயில் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

இதற்கான அடித்தளம் கர்னல் 6.6-இல் வந்தது. ஏஎம்டிகாரர்கள் தங்கள் அல்வியோ எஃப்பிஜிஏ கார்டுக்காகச் செய்த வேலை அது. பிசிஐ சாதனத்துக்குக் கர்னலே ஒரு நோடு (டிவைஸ் ட்ரீயில் ஒரு பதிவு) உருவாக்கித் தரும். மைக்ரோசிப்பின் லேன்966எக்ஸ் சிப்புக்கான பிசிஐ டிரைவர் 6.13-இல் சேர்ந்தது. நான் பார்த்து எழுதியது அதைத்தான். இன்டெல் கம்ப்யூட்டரில் டிவைஸ் ட்ரீ கிடையாதே, நோடு எங்கே போய்த் தொங்கும்? 6.15-இல் ஹோஸ்ட் பிரிட்ஜுக்கும் (பிசிஐ பஸ்ஸை ப்ராசஸருடன் இணைப்பது) நோடு வந்துவிட்டதால் அந்தக் கவலை தீர்ந்தது. கன்ஃபிகில் பிசிஐ டைனமிக் ஓஎஃப் நோட்ஸை இயக்கி, குவிர்க்ஸ் பட்டியலில் (தனிக் கவனிப்பு வேண்டிய சாதனங்களின் பட்டியல்) என் கார்டின் எண்ணையும் சேர்த்தேன். சரி, நோடு வந்தது.

ருசியான இடம் ரேஞ்சஸ், அதாவது கார்டுக்குள் இருக்கும் முகவரியை வெளி முகவரியோடு பொருத்தும் வரி. கம்ப்யூட்டரை ஒவ்வொரு முறை போடும்போதும் பார் வேறு முகவரிக்குப் போகலாம். அதை ஓவர்லேயில் எழுதிவைக்க முடியாது. கர்னல் உருவாக்கும் நோடில் முகவரியின் முதல் செல் (ஒரு 32 பிட் எண்) பார் எண், மற்ற இரண்டும் பூஜ்யம். அதனால் என் சிம்பிள் பஸ்ஸில் (கார்டுக்குள் இருக்கும் சாதனங்களை அடக்கும் நோடு) ஐந்தே செல்: கார்டுக்குள் முகவரி (ஹெக்ஸில் 40000000), பார் எண் 0, அப்புறம் 0, 0, கடைசியில் அளவு. 'பூஜ்யமாவது பார்' என்று சொன்னால் போதும், அது இன்றைக்கு எங்கே இருக்கிறது என்பதைக் கர்னல் பார்த்துக்கொள்ளும். இதை யோசித்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

இன்டரப்ட் (சாதனம் ப்ராசஸரைக் கூப்பிடும் சைகை) அவ்வளவு சுலபமில்லை. சைலிங்ஸின் இன்டரப்ட் கன்ட்ரோலர் டிரைவர் பூட் ஆகும்போது மட்டும் எழுந்திருக்கும் ரகம். பிறகு வரும் ஓவர்லேயை அது கண்டுகொள்ளாது. ஆகவே அந்தக் கன்ட்ரோலரை டிசைனிலிருந்தே தூக்கிவிட்டு, ஐ2சியின் இன்டரப்ட்டை நேராகக் கார்டின் இன்டரப்ட் லைனில் இணைத்தேன். பிசிஐ நோடே இன்டரப்ட் கன்ட்ரோலர் என்று ஓவர்லேயில் எழுதி, டிரைவரில் அதற்கொரு ஐஆர்கியூ டொமைன் (இன்டரப்ட் எண்களைக் கர்னலின் எண்களோடு பொருத்துவது). ஐ2சி டிரைவர் கிளாக்கும் கேட்டது. 125 மெகாஹெர்ட்ஸ் ஃபிக்ஸ்டு கிளாக் நோடு ஒன்று போட்டதும் அடங்கிவிட்டது.

டிரைவரை ஏற்றியதும் கர்னல் வெப்பநிலையைக் காட்டும் எச்டபிள்யூமான் கோப்பில் 34500 வந்தது, மில்லிடிகிரியில்; அதாவது 34.5 டிகிரி. ஃபேன் ஓடும்போதே சேலத்து அறை இப்படி. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பெரிய மச்சான் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, சூடு பார்க்க இவ்வளவு பெரிய பொட்டியா?" என்றார். இருநூறு ரூபாய்ச் சில்லில் முடியும் வேலைதான், மறுக்கவில்லை.

அடுத்தது டிரைவரை இறக்குவது. முதலில் பஸ்ஸின் சாதனங்களை எடுத்து, பிறகுதான் ஓவர்லேயைக் கழற்ற வேண்டும். ஜிபிஐஓ லைனை யாராவது பிடித்திருக்கும்போது டிரைவரை இறக்கினால் என்ன ஆகிறது என்று இந்த வாரம் பார்க்கப்போகிறேன்.